போதையிலிருந்து மீள்பவர்கள் தினமும் நன்றி எழுதுவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குடியை நிறுத்திய மூன்றாவது வாரத்தில் என் கவுன்சிலர் ஒரு வேலை கொடுத்தார். தினமும் நன்றி சொல்லத் தோன்றும் மூன்று விஷயங்களை எழுதிக் கொண்டு வாருங்கள் என்றார், அவ்வளவுதான். எப்படி எழுதுவது, எந்த நேரத்தில் எழுதுவது, எழுத ஒன்றுமே தோன்றாத நாளில் என்ன செய்வது, எதையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் விட்டேன், நான்காவது தடவைதான் பிடிபட்டது. எங்கெங்கே தப்பு செய்தேன் என்று இப்போது தெரிகிறது, நீங்களும் அதே இடங்களில் முட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மது, மாத்திரை, கஞ்சா, சூதாட்டம், எதிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாலும் முறை ஒன்றுதான்.

முறைக்குப் போகும் முன் ஒரு விஷயம். 'நன்றி' என்ற சொல்லே நம்மில் பலருக்குக் கசக்கும். குடித்த காலத்தில் "நன்றி கெட்டவன்" என்று எத்தனை பேர் வாயால் கேட்டிருப்போம். போதாததற்கு நன்றி என்றாலே பின்னாலேயே 'கடன்' என்று ஒட்டிக்கொண்டு வருகிற மொழி நம்முடையது. அதனால் நோட்டைத் திறந்து அந்தச் சொல்லை எழுதியதுமே மனம் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடும், யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறேன், யாரையெல்லாம் அழவைத்தேன் என்று. முதல் தடவை நான் நோட்டை மூடியது இதனால்தான். இங்கே நான் சொல்லும் நன்றி அந்தக் கணக்கு இல்லை. இன்றைய நாளில் நல்லதாக என்ன கிடைத்தது என்று பார்ப்பது, அதை எழுதி வைப்பது, அது எப்படிக் கிடைத்தது என்று ஒரு வரி யோசிப்பது, இவ்வளவே. சொல் கசந்தால் நோட்டின் அட்டையில் வேறு பெயர் எழுதிக்கொள்ளுங்கள். என் நோட்டில் "இன்று கிடைத்தது" என்றுதான் இருக்கிறது.

1. முதலில் உடம்பு, அப்புறம்தான் நோட்டு

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நீண்ட நாள் அதிகமாகக் குடித்தவர், அல்லது தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரைகளைப் பல மாதம் எடுத்தவர், தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மதுவை நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்குக் கடும் குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது, காய்ச்சல், உடல் நடுக்கம் எல்லாம் சேர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரைகளைப் பொறுத்தவரை இந்த ஆபத்து இன்னும் தாமதமாக, சில நாட்கள் கழித்தும் வரலாம். இதற்கு மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும். நோட்டு எதுவும் செய்யாது.

உடம்பு ஓரளவு நிதானத்துக்கு வந்து, தூங்கி எழுந்து, பேனா பிடிக்க முடிகிற நாளிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது இரண்டாவது வாரத்திலோ மூன்றாவது வாரத்திலோ வரும். தொடங்கிய பிறகும் மருந்து, கவுன்சிலிங், ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு) போன்ற கூட்டங்கள், எதையும் இதற்காகக் குறைக்காதீர்கள். இது அவற்றுக்குத் துணை, அவற்றின் இடத்தில் வைக்கும் பொருள் அல்ல.

2. என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவு

ஒரு சாதாரண நோட்டு, ஒரு பேனா. இரண்டும் பெரும்பாலும் வீட்டிலேயே கிடக்கும். பணம் கட்டி வாங்கும் நன்றி ஆப், அழகான அட்டை போட்ட டைரி, "30 நாளில் மனம் மாறும்" என்கிற வகுப்பு, எதுவும் தேவையில்லை. சிகிச்சைக்கே பணம் புரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதற்கென்று ஒரு காசு செலவழிக்காதீர்கள்.

போனில் எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம், ஆனால் ஆரம்ப மாதங்களில் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சரக்கு கொடுத்தவரின் எண், கூடக் குடித்தவர்களின் குரூப், சூதாட்ட ஆப்பிலிருந்து வரும் நோட்டிஃபிகேஷன் எல்லாம் அதே போனில்தான் இருக்கின்றன. நன்றி எழுதப் போனை எடுத்து வேறெங்கோ போய் நின்ற நாட்கள் எனக்கு உண்டு. என் இரண்டாவது தோல்வி அதுதான்.

நோட்டின் முதல் பக்கத்தை நன்றிக்கு வைக்காதீர்கள். அதில் மூன்று விஷயங்கள் எழுதுங்கள்: நிறுத்திய தேதி, எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பெயரும் அளவும், மனம் தவிக்கும்போது எந்த நேரத்திலும் அழைக்கக்கூடிய இரண்டு பேரின் எண்கள். எண் போனில்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கை பதறும் நேரத்தில் போனுக்குள் தேடுவதும் தாளில் பார்த்து அழுத்துவதும் ஒன்றல்ல.

நோட்டை எங்கே வைப்பது என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். வீட்டில் மற்றவர் கையில் கிடைக்கும் என்ற பயம் இருந்தால் உண்மையாக எழுத மாட்டீர்கள். பூட்டி வைக்க இடம் இருந்தால் நல்லது, இல்லையென்றால் வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் "இதை யாரும் படிக்க வேண்டாம்" என்று நேராகவே சொல்லிவிடுங்கள்.

3. நேரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது

பொதுவாகத் தூங்கும் முன் எழுதச் சொல்வார்கள். எனக்கு அது சரிவரவில்லை. மீட்சியின் தொடக்கத்தில் இரவு என்பது தூக்கத்தோடு சண்டை போடும் நேரம், அலுத்துப்போய்ப் படுத்தவன் நோட்டை எடுக்க எழுந்திருக்க மாட்டான். மூன்றாவது தடவை விட்டது இப்படித்தான்.

நான்காவது தடவை கவுன்சிலர் வேறொரு யோசனை சொன்னார். வழக்கமாக எந்த நேரத்தில் குடிக்க ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டார். மாலை ஏழு என்றேன். அப்படியானால் ஆறரைக்கு எழுதுங்கள் என்றார். உங்களுக்கு எந்த மணி ஆபத்தானதோ அதற்கு அரை மணி முன்னால் உட்காருங்கள். அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலை, கண்ணுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. காலையில் எழுந்ததும்தான் தவிப்பு அதிகம் என்பவர்கள் காலையில் எழுதி, நேற்றைய நாளைப் பற்றி எழுதலாம்.

ஐந்து நிமிடம் போதும், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நீளமாக எழுத ஆரம்பித்தால் அது டைரி ஆகிவிடும், டைரி பழைய காயங்களைத் தேடிப் போகும்.

4. எழுதும் முறை

தேதி போடுங்கள். மூன்று விஷயம் எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் "இது எப்படி நடந்தது?" என்பதற்கு ஒரு வரி. அந்த இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள், இதில் பாதி பலன் அங்கேதான் இருக்கிறது. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவில் மூன்று நல்ல விஷயங்களையும் அவை நடந்த காரணத்தையும் எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடி மனச்சோர்வு குறைந்தது, ஆறு மாதம் வரை அந்த வித்தியாசம் தெரிந்தது. வாரம் முடிந்த பிறகும் தாங்களாகவே எழுதிக்கொண்டிருந்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது.

எதை எழுதுவது என்பதில்தான் எல்லோரும் இடறுகிறார்கள். நான் நோட்டை முதன்முதலில் கவுன்சிலரிடம் காட்டியபோது அதில் மூன்று சொற்கள் இருந்தன: குடும்பம், ஆரோக்கியம், உயிர். அவர் படித்துவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "இதை யார் வேணும்னாலும் எழுதலாமே. இன்னிக்குக் காலையில எழுந்ததிலிருந்து இங்க வர்ற வரைக்கும் என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க" என்றார். நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அப்புறம் சொன்னேன், "காலையில தண்ணி குடிக்கும்போது டம்ளர் பல்லுல இடிக்கல." பல வருடமாகக் காலையில் முதல் மடக்கு தண்ணீர் குடிக்கும்போது கை நடுங்கி டம்ளர் பல்லில் தட்டும், அந்தச் சத்தத்தோடுதான் என் நாள் தொடங்கும். அன்று தட்டவில்லை, அதை நான் கவனிக்கக்கூட இல்லை, அவர் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. "அதை எழுதுங்க. அது எப்படி நடந்துச்சுன்னும் எழுதுங்க" என்றார். "பத்தொன்பது நாளாகக் குடிக்கவில்லை, மாத்திரையை விடாமல் போட்டேன், அக்கா வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தாள்" என்று எழுதினேன். பேனா பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதுதான் அளவுகோல். உங்கள் வரியை அப்படியே எடுத்து இன்னொருவர் நோட்டில் ஒட்ட முடிந்தால் அந்த வரி போதாது. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, கையில் தொட்டது என்று இருக்க வேண்டும். "மனைவிக்கு நன்றி" என்று எழுதாமல், "நான் பேசும்போது இன்று அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்" என்று எழுதுங்கள். "வேலைக்கு நன்றி" என்பதைவிட, "சம்பளத்தை முழுதாக வீட்டுக்குக் கொண்டு வந்தேன்" என்பதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

மூன்றில் ஒன்றாவது நீங்களே செய்த ஒன்றாக இருக்கட்டும். கூட்டத்துக்குப் போனது, அழைப்பை எடுக்காமல் விட்டது, பழைய தெருவைச் சுற்றிக்கொண்டு போனது. நம்மை நாமே திட்டிப் பழகிய நமக்கு இதை எழுதக் கூச்சமாக இருக்கும், இருந்தாலும் எழுதுங்கள்.

5. எதுவுமே தோன்றாத நாட்கள்

வரும், நிச்சயம் வரும். முதல் சில மாதங்களில் எதைப் பார்த்தாலும் சாம்பல் நிறமாகத் தெரியும், பாட்டு பிடிக்காது, குழந்தை சிரித்தால்கூட உள்ளே எதுவும் அசையாது. இது உங்கள் குணக்கேடு இல்லை. போதைப்பொருள் மூளையில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள வேதிப்பொருளை இயற்கை அளவைவிடப் பல மடங்கு பொங்க வைத்து வந்திருக்கிறது, மூளையும் அதற்கு ஏற்பத் தன் உணர்திறனைக் குறைத்துக்கொண்டுவிட்டது. நிறுத்திய பிறகு அது திரும்பி வர வாரங்கள் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். அந்த இடைவெளியில் சின்னச் சந்தோஷங்கள் மனதில் ஏறாது. ஏறவில்லை என்றாலும் அவை நடந்துகொண்டுதான் இருக்கின்றன, அவற்றைக் குறித்து வைப்பதுதான் உங்கள் வேலை. நன்றி உணர்ச்சி வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள்.

அப்படிப்பட்ட நாளில் மூன்று வேண்டாம், ஒன்று போதும். அதுவும் வரவில்லையென்றால் "நடக்காதது" பக்கம் போங்கள்: இன்று எதை மறைக்க வேண்டியிருக்கவில்லை, யாரிடம் பொய் சொல்லவில்லை, எந்த வலி நேற்றைவிடக் குறைவு. அதுவும் இல்லையென்றால் தேதி மட்டும் போட்டு "எதுவும் இல்லை, ஆனால் உட்கார்ந்தேன்" என்று எழுதி மூடுங்கள். என் முதல் நோட்டில் அப்படி ஏழெட்டுப் பக்கங்கள் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் இருண்டே கிடந்தால், தூக்கம், பசி, எழுந்து நடமாடும் விருப்பம் எல்லாம் போய்விட்டால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் பார்க்க வேண்டியதில்லை, அந்த நிமிடமே முதல் பக்கத்தில் உள்ள எண்ணை அழையுங்கள், தனியாக இருக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். அந்த நிலையில் உட்கார்ந்து நல்லதைத் தேட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

6. தவிப்பு எழும்போது

போதைக்கான தவிப்பு அலை மாதிரி ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும், உள்ளே இருக்கும்போது மட்டும் அது முடியவே முடியாது என்று தோன்றும். அந்த நேரத்தில் புதிதாக நன்றி எழுத முயலாதீர்கள், வராது. முதல் பக்கத்தைத் திறந்து ஒருவரை அழையுங்கள், எடுக்கவில்லையென்றால் இரண்டாவது எண். அவர்கள் திரும்ப அழைக்கும் வரை பழைய பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் கையெழுத்தில், உங்களுக்கே நடந்தது என்பதால் அதை மறுக்க மனம் கொஞ்சம் திணறும்.

அப்புறம் நான்கைச் சரிபாருங்கள்: பசியா, கோபமா, தனிமையா, களைப்பா. மீட்சிக் கூட்டங்களில் ஓயாமல் சொல்லப்படும் நான்கு இவை. பெரும்பாலும் நான்கில் ஒன்று இருக்கும். பசி என்றால் சாப்பிடுங்கள், நோட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

7. பலரும் விழும் பள்ளங்கள்

துக்கத்தை மூடி வைக்க நன்றியைப் போர்வையாக்குவது. "எனக்கு இவ்வளவு கிடைத்திருக்கிறது, நான் அழக் கூடாது" என்று எழுதத் தொடங்கினால் நிறுத்துங்கள். அழுகை வந்தால் அழுங்கள், கோபத்தைக் கவுன்சிலரிடமோ ஸ்பான்சரிடமோ (கூட்டத்தில் உங்களுக்கு வழிகாட்டும், முன்பே மீண்டு வந்த ஒருவர்) கொண்டுபோங்கள். உள்ளே அடக்கி வைத்ததுதான் முன்பு நம்மைப் பாட்டிலிடம் கூட்டிப் போனது.

மற்றவரோடு ஒப்பிடுவது. "அவனைப் போல நான் ஆகவில்லையே" என்ற வரி எழுதும்போது சுகமாக இருக்கும். ஆனால் அவனும் நம்மைப் போல ஒருவன், நாளை நாமும் அங்கே நிற்கலாம். அந்த வரிகளை நான் அடித்துவிட்டேன்.

உங்களைத் துன்புறுத்துகிறவருக்கு நன்றி எழுதுவது. அடிக்கிற, மிரட்டுகிற, பணத்தைப் பிடுங்குகிற ஒருவரோடு வாழ்கிறீர்கள் என்றால் அவரிடம் நல்லதைத் தேடி எழுத வேண்டாம். அங்கே தேவை பாதுகாப்பு, அதற்கான உதவியைக் கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "நீ நன்றியோட இருக்கணும்" என்று மீண்டு வருபவரிடம் நினைவூட்டாதீர்கள். உங்களுக்கு அதைச் சொல்ல எல்லா உரிமையும் இருக்கலாம், ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் நோட்டு மூடிக்கொள்ளும்.

8. சறுக்கிய நாள்

ஒருநாள் எழுதாமல் விட்டால் எதுவும் கெட்டுவிடாது. புதிய பழக்கம் ஒன்று எத்தனை நாளில் படிகிறது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆராய்ந்தவர்கள், சராசரியாக 66 நாள் என்று கண்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்றும், நடுவில் ஒருநாள் தவறுவதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அவர்கள் சொல்கிறார்கள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள், விட்ட நாளுக்கும் சேர்த்து எழுதாதீர்கள்.

குடித்துவிட்ட நாள் வேறு. அன்று மனம் "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று சொல்லும், ஒரு கிளாஸ் ஒரு வாரமாக நீள்வது அந்தச் சொல்லால்தான். முதலில் யாரிடமாவது சொல்லுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹெராயின், வலி மாத்திரை போன்றவற்றிலிருந்து மீள்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், சில வாரம் விட்ட பிறகு உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், பழைய அளவே உயிரைக் குடித்துவிடும். நோட்டுக்கு அதற்குப் பிறகு வாருங்கள். பக்கத்தைக் கிழிக்காதீர்கள், புது நோட்டு வாங்காதீர்கள். அதே நோட்டில், அடுத்த வரியில், "இன்று குடித்தேன். இன்னாரிடம் சொன்னேன்" என்று எழுதுங்கள். சொன்னதுதான் அன்றைய நல்ல விஷயம்.

9. நேரில் நன்றி சொல்வது

எப்போதாவது ஒருவருக்குக் கடிதமாக எழுதி நேரில் படித்துக் காட்டத் தோன்றும். நல்லதுதான், ஆனால் அவசரப்படாதீர்கள். முதல் சில மாதங்களில் எழுதி நோட்டிலேயே வைத்திருங்கள். நாம் நிதானத்துக்கு வந்த அதே வேகத்தில் நம்மிடம் காயம்பட்டவர்கள் ஆற மாட்டார்கள், அவர்களுக்கு அவர்கள் காலம் வேண்டும். கொடுக்கும்போதும் நன்றியையும் மன்னிப்பையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். நன்றிக் கடிதத்தின் நடுவில் மன்னிப்பு வந்தால், கேட்பவர் உடனே ஏதோ பதில் சொல்லியாக வேண்டும் என்று நெருக்கடியாகிவிடும். மன்னிப்புக் கேட்பது தனி வேலை, அதை ஸ்பான்சரிடமோ கவுன்சிலரிடமோ பேசிவிட்டுச் செய்யுங்கள்.

அக்காவுக்கு நான் எழுதியது ஐந்தே வரி, மாத்திரை எடுத்துக் கொடுத்ததைப் பற்றி மட்டும். பதினொரு மாதம் கழித்துத்தான் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். "சரி, சாப்பிட வா" என்றாள்.

10. எத்தனை நாள் எழுத வேண்டும்

முதல் இலக்காக 14 நாள் வையுங்கள். மதுவுக்காக வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தவர்களிடம் இதே மூன்று விஷயப் பயிற்சியை 14 நாள் செய்து பார்த்த ஒரு சிறிய ஆய்வு 2015-ல் வந்தது. எதிர்மறை உணர்வுகள் குறைந்து அமைதி கூடியது, பயிற்சியை நிறுத்தியதும் அந்த வித்தியாசமும் மறைந்தது. ஆகவே 14 நாளில் பலன் தெரிந்தால் நிறுத்திவிடாதீர்கள், மூன்று மாதமாவது தினமும் எழுதுங்கள்.

அதற்குப் பிறகு ஒரு கட்டத்தில் கை தானாக ஓடும், நேற்று எழுதியதையே இன்றும் எழுதுவீர்கள். அப்போது குறைக்கலாம். வாரம் மூன்று தடவை எழுதியவர்களைவிட வாரம் ஒரு தடவை எழுதியவர்களுக்கே பலன் கிடைத்தது என்று உளவியலாளர் சோன்யா லியுபொமிர்ஸ்கி செய்த ஆய்வு ஒன்று சொல்கிறது, சலிப்பு தட்டாமல் இருந்ததுதான் காரணம் என்பது அவர் விளக்கம். நான் ஐந்தாவது மாதம் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்தேன். வேலை பறிபோவது, மரணம், பிரிவு என்று பெரிதாக ஏதாவது வந்தால் மறுபடி தினமும் எழுதுகிறேன், பழைய ஆறரை மணிக்கே.

முதல் நோட்டு முடிந்ததும் தூக்கி எறியாதீர்கள். தொடங்கிய தேதி, முடிந்த தேதி இரண்டையும் அட்டையில் எழுதி, மருத்துவச் சீட்டுகள் இருக்கும் பையிலேயே போட்டு வையுங்கள். மருத்துவர் மருந்தைக் குறைக்கும் முன் "நடுக்கம் எப்போது நின்றது, தூக்கம் எப்போது திரும்பியது" என்று கேட்பார், புதுக் கவுன்சிலரிடம் போனால் அவரும் அதையே கேட்பார். நினைவிலிருந்து சொன்னால் தேதி தப்பாகும். நோட்டில் அது, டம்ளர் பல்லில் இடிக்காத நாள் முதற்கொண்டு, தேதியோடு இருக்கும்.